போட்டி ரோபோவுக்குச் சக்கரமும் ஸ்ப்ராக்கெட்டும் மாட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆட்டம் தொடங்கி நாற்பது வினாடி ஆகியிருக்கும். நேராகப் போய்க்கொண்டிருந்த எங்கள் ரோபோ சட்டென்று இடப்பக்கம் வளைந்து, நின்ற இடத்திலேயே வட்டமடிக்க ஆரம்பித்தது. ஓட்டுகிற பையன் ஜாய்ஸ்டிக்கை என்னென்னவோ செய்து பார்த்தான். மீதி நேரம் முழுக்க அது திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். தூக்கி வந்து கவிழ்த்துப் பார்த்தால், இடது முன்சக்கரத்தின் செயின் பல்லை விட்டு இறங்கி, ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஏறி ஓடும் பல்சக்கரம்) சட்டத்துக்கும் நடுவில் சிக்கி, அந்தப் பக்கத்தையே பூட்டியிருந்தது. செயினில் ஒரு குறையும் இல்லை. ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருந்த காலரின், அதாவது இறுக்கு வளையத்தின், குட்டித் திருகு தளர்ந்து, ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டின் (அச்சுத் தண்டின்) மேல் 4 மி.மீ. நகர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

சக்கரத்தைச் சுற்ற வைப்பது பெரிய வித்தை இல்லை. அதையும் ஸ்ப்ராக்கெட்டையும் பக்கவாட்டில் நகராமல் நிறுத்துவதில்தான் வேலையே இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கும்.

எந்த ரோபோ என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு தொடங்கிய எஃப்.ஆர்.சி. (FIRST Robotics Competition) என்ற பள்ளி மாணவர் போட்டியின் ரோபோ. பேட்டரியும் பம்பரும் சேர்ந்தால் சுமார் 65 கிலோ வரும். தரைவிரிப்பு போட்ட களத்தில் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். இப்போது பெரிய அணிகளெல்லாம் சக்கரம் தனித்தனியாகத் திரும்பும் ஸ்வெர்வ் முறைக்குப் போய்விட்டன. ஆனாலும் புதிதாக வரும் அணி ஆறு சக்கர டாங்க் அமைப்பில் (சக்கரம் திரும்பாது; இடது, வலது பக்கங்களின் வேக வித்தியாசத்தால் ரோபோ திரும்பும்) கை பழகுவதே நல்லது என்பது என் கட்சி. செலவு குறைவு, கெட்டால் எங்கே கெட்டது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஆறு சக்கரம், ஒரு நூல் தாழ்வு

பக்கத்துக்கு மூன்று சக்கரம். நடுச் சக்கரம் கியர்பாக்ஸோடு நேரடியாக இருக்கும். அங்கிருந்து முன்னால் ஒரு செயின், பின்னால் ஒரு செயின். இதில் ஒரு லாபம் உண்டு: செயின் அறுந்து கீழே விழுந்தாலும் நடுச் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். எங்களுக்கு நடந்ததுபோல் சிக்கிக்கொண்டால்தான் வம்பு.

நடுச் சக்கரத்தை மற்ற இரண்டையும்விட கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3.2 மி.மீ. கீழே இறக்கி வைப்பது வழக்கம். நம் ஊர்த் தச்சர் கணக்கில் சரியாக ஒரு நூல். டாங்க் ரோபோ திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடும். ஆறும் தரையில் ஒட்டியிருந்தால் ரோபோ திரும்பாமல் தவளை மாதிரி குதிக்கும். நடுவை ஒரு நூல் இறக்கினால் எந்த நேரத்திலும் நான்கு சக்கரம்தான் தரையைத் தொடும். நீளம் பாதியானதுபோல் ஆகி, லேசாகத் திரும்பும்.

சரிபார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். ரோபோ பின்பக்கம் சாய்ந்து நடுவிலும் பின்னாலும் நிற்கையில், முன்சக்கரத்துக்கு அடியில் இடைவெளி ஒரு நூல் இருக்காது, இரண்டு நூல் இருக்கும். சாய்வினால் இரட்டிப்பாகிறது. இதைப் பார்த்து, தப்பாகத் துளை போட்டுவிட்டோம் என்று ஒரு சட்டத்தையே பிரித்தவர்கள் உண்டு. (நாங்கள்தான்.)

செயினும் பல் எண்ணிக்கையும்

25-ஆம் எண் செயினா, 35-ஆம் எண்ணா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். 25-ல் கண்ணிக்குக் கண்ணி 6.35 மி.மீ., 35-ல் 9.525 மி.மீ. தர அளவின்படி 25 குறைந்தது 354 கிலோ இழுவையையும், 35 சுமார் 798 கிலோவையும் தாங்க வேண்டும். 35-ஆம் எண் செயினின் எடை இரண்டு மடங்குக்கும் மேல்.

நம் ரோபோவுக்கு எவ்வளவு தேவை? 65 கிலோ ரோபோ நான்கு சக்கரத்தில் நின்று தன் எடை அளவுக்குத் தள்ளுகிறது என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 16 கிலோ. சக்கரத்தின் விட்டம் 6 அங்குலம், அதாவது 152.4 மி.மீ. ஸ்ப்ராக்கெட் 16 பல் என்றால் அதன் செயின் வட்டத்தின் விட்டம் 32.5 மி.மீ.தான். 152.4-ஐ 32.5-ஆல் வகுத்தால் 4.7 மடங்கு, செயினில் விழும் இழுவை 75 கிலோ. அதே இடத்தில் 22 பல் போட்டால் விட்டம் 44.6 மி.மீ., இழுவை 55 கிலோவாகக் குறைகிறது. மோதலின் அதிர்ச்சியில் இது சில மடங்கு எகிறும். ஆகவே 25-ஆம் எண் போதும், ஆனால் பல்லைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள். இடம் கொடுக்கிற வரை பெரிய ஸ்ப்ராக்கெட்டாகப் போடுங்கள்.

35-ஐ ஒதுக்கிவிடவும் வேண்டாம். 25-ஆம் எண் செயினின் உள் அகலம் 3.18 மி.மீ.; அதில் ஓடும் பல்லின் தடிமன் சுமார் 2.8. மிஞ்சுவது 0.4 மி.மீ. கொஞ்சம் கோணினாலும் பல்லின் விளிம்பு தகட்டில் ஏறிவிடும். 35-ல் எல்லாமே பெரிதாக இருப்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கையால் துளையிடும் அணிக்கு 35, இயந்திரத்தில் வெட்டும் அணிக்கு 25. நான் இப்படித்தான் சொல்லி அனுப்புவேன்.

இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் பல் சமம் என்றால் கண்ணிக் கணக்கு சுலபம்: மையத்துக்கு மையம் உள்ள தூரத்தை இரட்டித்து, கண்ணி அளவால் வகுத்து, பல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 11 அங்குல தூரம், 22 பல், 25-ஆம் எண் செயின் என்றால் 88-உம் 22-உம் சேர்ந்து 110 கண்ணி. விடை இரட்டைப்படையில் வர வேண்டும், ஏனென்றால் செயினில் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருகின்றன. ஒற்றைப்படை வந்தால் அரைக் கண்ணி போட்டு ஒப்பேற்றலாம் என்பார்கள். அது செயினின் பலவீனமான கண்ணியாகிவிடும். சட்டத்தில் துளை போடுவதற்கு முன்னாலேயே தூரத்தை மாற்றிவிடுங்கள்.

அச்சு சுற்றுமா, நிற்குமா

இரண்டு வகை உண்டு. ஒன்றில் அச்சு என்பது சட்டத்தில் இறுக்கிய ஒரு போல்ட், அது சுற்றாது. பேரிங் சக்கரத்துக்குள் இருக்கும். ஸ்ப்ராக்கெட் சக்கரத்தோடு போல்ட் போட்டு இணைந்திருக்கும். இன்னொன்றில் அறுகோண ஷாஃப்ட் சுற்றும். பேரிங் சட்டத்தில் இருக்கும். சக்கரமும் ஸ்ப்ராக்கெட்டும் ஷாஃப்டின் அறுகோணத்தைக் கவ்விக்கொண்டு சேர்ந்து சுழலும். கியர்பாக்ஸிலிருந்து வரும் நடுச் சக்கரம் எப்படியும் இரண்டாம் வகை. முன், பின் சக்கரங்களுக்கு எதை வைப்பது என்பதுதான் கேள்வி. சட்டத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் சக்கரம் உட்கார்ந்தால் நிற்கும் அச்சு எளிது. சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்பில் சுற்றும் ஷாஃப்ட்தான் வழக்கம்.

நிற்கும் அச்சில் மாட்டுவது

*முதல் படி, பேரிங்.* அரை அங்குல அச்சுக்குப் பொதுவாக வருவது வெளிவிட்டம் 1.125 அங்குலம் உள்ள விளிம்பு வைத்த பேரிங். சக்கரத்தின் துளையில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தடவி எடுங்கள். பிறகு சுத்தியலைத் தேடாதீர்கள். வைஸின் இரண்டு தாடைக்கு நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள், பேரிங்கின் வெளி வளையத்தை மட்டும் தொடும்படி. சரியான அளவு பாக்ஸ் ஸ்பானர் மூடி ஒன்றை முட்டுக் கொடுத்தால் போதும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த விசை முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழும். விரலால் சுற்றினால் மணல் போட்டதுபோல் நரநரவென்று இருக்கும். அப்படி ஆனதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

*இரண்டாம் படி, நடுக்குழாய்.* பலரும் விடுவது இதைத்தான். சக்கரத்தின் இரு பக்கப் பேரிங்குகளுக்கும் நடுவில், அச்சின் மேல், ஒரு ஸ்பேசர் குழாய் வேண்டும். அது இரண்டு உள் வளையங்களையும் தொட்டு நிற்க வேண்டும். இது இல்லாமலோ அரை மி.மீ. குட்டையாகவோ இருந்தால், அச்சு போல்டை இறுக்க இறுக்க உள் வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று நசுங்கி, சக்கரம் கல்லாகிவிடும். உடனே போல்டைத் தளர்த்துவார்கள், சக்கரம் சுற்றும், மூன்றாவது ஆட்டத்தில் போல்ட் கழன்று வரும். குழாய் சரியாக இருந்தால் முழு பலத்தோடு இறுக்கலாம், சக்கரமும் சுதந்திரமாகச் சுற்றும். சந்தேகமாக இருந்தால் ஒரு மயிரிழை நீளமாகவே கடையுங்கள்.

*மூன்றாம் படி, ஸ்ப்ராக்கெட்டைச் சக்கரத்தோடு சேர்ப்பது.* எஃப்.ஆர்.சி. சக்கரங்களிலும் ஸ்ப்ராக்கெட்டுகளிலும் பெரும்பாலும் ஒரே துளை வரிசை இருக்கும்: 1.875 அங்குல வட்டத்தில் ஆறு துளை. நடுவில் ஸ்பேசர் கொடுத்து, செயின் சக்கரத்தின் ஓரத்தில் உரசாத தூரத்துக்குத் தள்ளி, ஆறு போல்டையும் போடுங்கள். மூன்று போதும் என்று எடை மிச்சம் பிடிக்க நினைக்கும் பிள்ளை ஒன்று எல்லா அணியிலும் இருக்கும். வேண்டாம். முதலில் ஆறையும் விரலால் திருகி, பிறகு கார் சக்கரத்துக்குச் செய்வதுபோல் எதிரெதிராக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கமாகவே இறுக்கிக்கொண்டு போனால் ஸ்ப்ராக்கெட் மையம் விலகி உட்காரும். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் செயின் இறுகி இறுகித் தளரும்.

நட் எப்போதும் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் கழலாதது). நட் போட இடமில்லாத இடத்தில் மரைக்கு விடும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பக்கத்தில் இருந்தால் அந்தச் சொட்டுகூட வேண்டாம், பட்ட இடத்தில் வெடிப்பு விடும்.

*நான்காம் படி, அடுக்கு.* இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சட்டத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை வெர்னியரால் அளந்து எழுதுங்கள். உதாரணமாக 63.5 மி.மீ. சக்கரத்தின் இரு பேரிங்குகளுக்கும் வெளிமுகத்துக்கு வெளிமுகம் 50.8 மி.மீ. மிச்சம் 12.7. இதை இடது ஸ்பேசருக்கும் வலது ஸ்பேசருக்கும் பிரிக்க வேண்டும். ஆளுக்குப் பாதி இல்லை. செயின் எந்த நேரில் ஓடுகிறதோ அந்த நேருக்கு ஸ்ப்ராக்கெட் வரும்படி, 7.9-உம் 4.8-உம் என்பதுபோல் வரும். மொத்தம் குறைந்தால் போல்டை இறுக்கும்போது தகடுகள் உள்ளே வளையும். கூடினால் சட்டம் பிதுங்கும். இம்மியளவு குறைந்தால் மெல்லிய வாஷர் ஒன்று சேர்த்துச் சரிக்கட்டுங்கள்.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. நடு ஷாஃப்டில் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஒன்று முன்செயினுக்கு, ஒன்று பின்செயினுக்கு. அப்படியானால் முன்சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டும் பின்சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேரில் வராது! இரண்டுக்கும் ஸ்பேசர் அளவு வேறு. நான்கு மூலைக்கும் ஒரே மாதிரி ஸ்பேசர் வெட்டி வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு இரண்டு செயின் மட்டும் ஏன் கோணலாக ஓடுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் அணிகளைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய கையோடு ஒவ்வொரு ஸ்பேசரிலும் மார்க்கரால் எழுதுங்கள்: "இ.மு.வெளி" என்றால் இடது முன்சக்கரம், வெளிப்பக்கம். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

சுற்றும் ஷாஃப்டில் மாட்டுவது

அரை அங்குல அறுகோண ஷாஃப்டை வெட்டியதும் முனைகளை அரத்தால் தேய்த்து லேசாகச் சரிவு கொடுங்கள். பிசிறோடு பேரிங்குக்குள் தட்டினால் உள் வளையம் கீறிப்போகும். அறுகோணம் இருப்பதால் சுழற்சிக்குத் தனியாகப் பிடிமானம் தேவையில்லை. நம் கவலை பக்கவாட்டு நகர்வு மட்டும்தான்.

அதற்கு மூன்று வழி உண்டு. ஷாஃப்டில் காடி வெட்டி, அதில் உட்காரும் வில் வளையமான சர்க்கிளிப் போடலாம். காடி சரியான இடத்தில் விழ லேத் வேண்டும். ஷாஃப்ட் முனையில் துளையிட்டு மரை வெட்டி, பெரிய வாஷரோடு போல்ட் போடலாம்; சக்கரம் வெளியே நீட்டியிருக்கும் அமைப்புக்கு எனக்குப் பிடித்தது இதுதான். மூன்றாவது, காலர். காலர் போடுவதாக இருந்தால் முழு வளையமும் இறுகிப் பிடிக்கும் கிளாம்ப் வகையை மட்டும் வாங்குங்கள். ஒற்றைத் திருகு முனை குத்தி நிற்கும் வகை எங்களை ராட்டினம் ஆக்கிய வகை.

ஷாஃப்டின் மேல் எல்லாவற்றையும் வரிசையாகக் கோர்த்துவிடுங்கள்: போல்ட், வாஷர், சக்கரம், ஸ்பேசர், பேரிங், ஸ்பேசர், ஸ்ப்ராக்கெட், ஸ்பேசர், பேரிங், காலர். மணிமாலை போல, நடுவில் வெற்றிடமே இருக்கக் கூடாது. ஸ்பேசரால் நிரப்பிய ஷாஃப்டில் ஸ்ப்ராக்கெட் நகர நினைத்தாலும் இடம் கிடைக்காது. முனையில் இருக்கும் காலர் மாலையை மூடும் முடிச்சு மட்டுமே. மொத்தத்தில் 0.3 முதல் 0.5 மி.மீ. ஆட்டம் விடுங்கள். நிற்கும் அச்சுபோல் இங்கே நெருக்கிப் பிடித்தால் பேரிங் சூடாகும்.

வெளியே நீட்டும் சக்கரத்தைச் சட்டத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். தூரம் கூடக் கூட ஷாஃப்ட் வளையும், சக்கரத்தை ஒட்டிய பேரிங்கில் சுமை ஏறும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: செயினைப் பிரிக்காமல் சக்கரத்தை மட்டும் கழற்ற வழி இருக்க வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் ரப்பர் கிழிந்த சக்கரத்தை மாற்ற வேண்டி வந்தால் அப்போது புரியும்.

நேர் பார்ப்பதும் செயின் ஏற்றுவதும்

இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பை இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளின் பக்கமுகத்திலும் ஒட்டி வையுங்கள். நான்கு இடத்தில் ஸ்கேல் பல்லைத் தொட வேண்டும், ஸ்ப்ராக்கெட்டுக்கு இரண்டு. பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் அந்தப் பக்கம் வாஷர் சேர்க்க வேண்டும். ஸ்கேல் சரியாக உட்கார்ந்தும் செயின் ஒரு பக்கமாகவே ஓடினால், அச்சுகள் இணையாக இல்லை என்று பொருள். அதை வாஷரால் சரி செய்ய முடியாது, துளையைத்தான் பார்க்க வேண்டும்.

செயினை அளந்து, வேண்டிய கண்ணியின் ஊசியைச் செயின் கருவியால் தள்ளி வெட்டுங்கள். இணைப்புக் கண்ணி போடுவதானால் அதன் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும் என்பது மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தெரியும். ரோபோ பாதி நேரம் பின்னால் அல்லவா ஓடுகிறது! அதனால் நான் கிளிப்பை நம்புவதில்லை. வெட்டிய கருவியாலேயே ஊசியைத் திரும்ப உள்ளே அழுத்தி மூடிவிடுவோம். மூடிய கண்ணி விறைப்பாக இருந்தால் பக்கவாட்டில் லேசாக வளைத்துக் கொடுங்கள், இளகிவிடும்.

தொய்வு எவ்வளவு? 11 அங்குல தூரத்துக்கு, செயினின் நடுவில் விரலால் அழுத்தித் தூக்கினால் மொத்தம் 5, 6 மி.மீ. அசைந்தால் போதும். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினால் பேரிங்கும் சக்தியும் வீண். தொங்கினால், முன்னும் பின்னும் சடாரென்று மாற்றும்போது பல்லைத் தாண்டும். புதுச் செயின் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும். எனவே அச்சை நகர்த்தி இறுக்கும் ஏற்பாடு ஏதாவது, நீள்துளையோ, திருப்பினால் அச்சைத் தள்ளும் கேம் வில்லையோ, இருக்கட்டும்.

ஓட்டிப் பார்ப்பது

இதற்குப் பிறகு மோட்டார் இருக்கிறது, விரல் இருக்கிறது. செயின் பக்கம் கை போகுமுன் 120 ஆம்பியர் முதன்மை பிரேக்கரை அணைத்தாயா என்று ஒருவர் உரக்கக் கேட்க வேண்டும், இன்னொருவர் அணைத்தேன் என்று பதில் சொல்ல வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி.

ரோபோவை மரக்கட்டைகள் மேல் தூக்கி வையுங்கள். முதலில் கையால் சுற்றுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே கனத்தோடு சுற்ற வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் ரோபோ நேராகப் போகாது. அதை மென்பொருளில் சரிக்கட்டலாம் என்று நிரல் எழுதும் பிள்ளை சொல்லும், விடாதீர்கள். பிறகு மோட்டாரைக் குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரே சீரான இரைச்சல் என்றால் நலம். சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்றால் ஏதோ ஒரு கண்ணி விறைப்பு அல்லது ஸ்ப்ராக்கெட் மையம் விலகல். தொடர்ந்து கீச்சென்றால் நேர் தவறியிருக்கிறது.

அப்புறம் தரையில் இறக்கி, பத்து நிமிடம் முரட்டுத்தனமாக ஓட்டி, சுவரில் முட்டி, திரும்பக் கவிழ்த்துப் பாருங்கள். எந்த இடத்திலாவது அலுமினியத் தூள் மினுக்கினால் அங்கே ஏதோ உரசுகிறது. ஓட்டும் முன்பே ஒவ்வொரு போல்ட் தலைக்கும் சட்டத்துக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால், கோடு உடைந்த இடம் கழன்றுகொண்டிருக்கும் போல்ட்.

நடுச் சக்கரத்தின் ரப்பர்தான் எப்போதும் சுமையில் இருக்கிறது, அதுதான் முதலில் தேயும். தேயத் தேய அந்த ஒரு நூல் தாழ்வு கரையும், ரோபோ மறுபடி தவளையாகத் தொடங்கும். ஓட்டுநர் "இன்றைக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது" என்று சொன்னால் உடனே மோட்டாரைச் சந்தேகிக்காமல், முன்சக்கரத்தின் அடியில் இரண்டு நூல் கட்டை ஒன்றை நுழைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் நடுச் சக்கரம் இரண்டுக்கும் புது ரப்பர்.